தூக்குக் கயிறும் நம் சமயமும்

(ஆங் மோ கியோவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கிறீர்கள் சிலர். காலையில் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தூக்குத் தண்டனையைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து பலமுறை பேசிவிட்டோம். இன்று சமயத்தின் பக்கத்திலிருந்து பேசச் சொன்னார்கள். நான் சட்டம் படித்தவன், சமயச் சொற்பொழிவாளன் அல்ல. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஏனென்றால் நம் வீடுகளில் மரண தண்டனையைப் பற்றிப் பேச்சு வந்தால் யாரும் சட்டப் பிரிவைச் சொல்வதில்லை. "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்" என்கிறோம். "அவன் தலைவிதி" என்கிறோம். "செய்த பாவம் சும்மா விடுமா" என்கிறோம். இவற்றையெல்லாம் சமயம் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்துக்கொண்டும் இருக்கிறோம். அது உண்மைதானா என்று பார்க்கவேண்டும்.

அதற்கு முன்னால் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த ஆங் மோ கியோ புதுநகரைக் கட்டத் தொடங்கிய அதே 1973இல்தான் போதைப்பொருள் சட்டமும் வந்தது. 1975இல் அதைத் திருத்திக் கட்டாய மரண தண்டனையைச் சேர்த்தார்கள். 'கட்டாய' என்ற சொல்லைக் கவனியுங்கள். 15 கிராமுக்கு மேல் டயமார்ஃபின், அதாவது கலப்படம் கழித்துக் கணக்கிட்ட சுத்த ஹெராயின், அல்லது 500 கிராமுக்கு மேல் கஞ்சா. கடத்தியது நிரூபணமானால் தூக்கு. 15 கிராம் என்பது டீக்குச் சர்க்கரை போடுகிற கரண்டியில் மூன்று நான்கு கரண்டி. குற்றச்சாட்டில் 14.99 கிராம் என்று எழுதினால் உயிர் தப்பும். அந்த எண்ணை எழுதுவது அரசாங்க வழக்கறிஞர், நீதிபதி அல்ல. 2 கிராமுக்கு மேல் ஹெராயின் கையில் இருந்தாலே அது கடத்துவதற்காக வைத்திருந்தது என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவரின் பாடு.

2013இல் ஒரு சின்னக் கதவைத் திறந்தார்கள். பொருளைச் சுமந்து கொண்டுவந்து கொடுப்பது மட்டுமே தன் வேலை என்று காட்ட வேண்டும். அதற்கு மேல், போதைப்பொருள் ஒழிப்பு அதிகாரிகளுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசாங்க வழக்கறிஞர் சான்று தரவேண்டும், அல்லது மனநிலைக் கோளாறு இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அப்படியானால் தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனைக்கு வழியுண்டு. பன்னீர்செல்வம் பரந்தாமன் வெறுமனே சுமந்து வந்தவர்தான் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. சான்று கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 8ஆம் தேதி சாங்கியில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன், செப்டம்பர் 25ஆம் தேதி, தட்சிணாமூர்த்தி காத்தையா.

பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 2005இல் சண்முகம். 2022இல் நாகேந்திரன். 2023இல் தங்கராஜு. 2025இல் தட்சிணாமூர்த்தி, பன்னீர்செல்வம். கோயிலில் அர்ச்சனைச் சீட்டில் எழுதிக்கொடுக்கிற பெயர்கள். மலாய்க்காரக் குடும்பங்களில் இந்தப் பட்டியல் இன்னும் நீளம். 2021இல் 17 மலாய்க் கைதிகள் தங்கள் இனத்தவர்மீது பாரபட்சம் காட்டப்படுகிறது என்று வழக்கே போட்டார்கள். தள்ளுபடியானது.

நாகேந்திரனைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஈப்போ பக்கத்துப் பையன். 2009 ஏப்ரல் 22ஆம் தேதி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். மிரட்டிச் செய்ய வைத்தார்கள் என்றார், நீதிமன்றம் நம்பவில்லை. அறிவுத்திறன் சோதனையில் அவர் பெற்ற எண் 69. உலகத்தில் பல மருத்துவர்கள் அறிவுக் குறைபாட்டின் எல்லை என்று வைத்திருக்கிற இடம் அது. தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. 2021 அக்டோபரில் சிறைச்சாலை அவருடைய தாயாருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நவம்பர் 10ஆம் தேதி மகனுக்குத் தூக்கு, பார்க்க வருவதென்றால் கோவிட் கட்டுப்பாடுகளுக்கு இன்னின்ன செய்யுங்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை உலகமே படித்தது. வழக்குகள், தள்ளிவைப்புகள் என்று ஐந்து மாதம் ஓடியது. 2022 ஏப்ரல் 26ஆம் தேதி அந்தத் தாயே மனுதாரராக நின்ற கடைசி மனுவும் தள்ளுபடியானது. குடும்பத்தாரின் கையைப் பிடித்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று நாகேந்திரன் கேட்டார். கொடுத்தார்கள். கண்ணாடித் தடுப்பின் இடுக்கு வழியே கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று அவர் அழுதது நீதிமன்ற அறை முழுக்கக் கேட்டதாகச் செய்தியாளர்கள் எழுதினார்கள். மறுநாள் விடியலில் தூக்கிலிட்டார்கள்.

அவர் குற்றமே செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. பொட்டலம் அவர் தொடையில்தான் இருந்தது. என் கேள்வி வேறு. இந்தப் பிள்ளைக்கு எந்தத் தண்டனை பொருந்தும் என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருவராவது கேட்கும்படி சட்டம் விட்டிருக்கிறதா? எடை பார்த்தார்கள், சான்று பார்த்தார்கள், மருத்துவ அறிக்கை பார்த்தார்கள். எடையும் சான்றும் அறிக்கையும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், அதற்குப் பிறகு இரங்குவதற்கு நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. நம் சமயம் இதை ஏற்குமா?

வள்ளுவரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பும் அவரைத்தான் கூப்பிடும். கொல்லாமைக்கென்று ஓர் அதிகாரமே எழுதியவர் அவர். அதே வள்ளுவர், செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில், கொடியவர்களை அரசன் தண்டிப்பதைப் பயிருக்குக் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறார். பரிமேலழகர் அதற்குக் கொலைத் தண்டனை என்றே உரை சொல்கிறார். நம் ஆட்கள் சிலர் மேடையில் இந்தக் குறளை மறைத்துவிட்டுப் பேசுவார்கள். மறைக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தக் குறள் யாரைச் சொல்கிறது? கொடுமையில் ஊறியவனை. களை எடுக்கிறவன் என்ன செய்வான்? ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்து, இது களை, இது பயிர் என்று பிரித்த பிறகுதான் பிடுங்குவான். நாலு விரற்கடை உயரத்துக்கு மேல் வளர்ந்தது எல்லாம் களை என்று அளவுகோலை வைத்து வெட்டிக்கொண்டே போனால் அதற்குப் பெயர் களையெடுப்பா? இரண்டு அதிகாரம் தள்ளி அவரே சொல்கிறார், கையை ஓங்கும்போது வேகமாக ஓங்கு, விழும்போது மெதுவாக விழட்டும் என்று. கட்டாயத் தண்டனையில் அந்த மெதுவுக்கு எங்கே இடம்?

அடுத்து மனுநீதிச் சோழன். "தன் மகனையே தேர்க்காலில் போட்டவன் தமிழன்" என்று பெருமையாகச் சொல்வோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது. பெரியபுராணத்தில் அந்தக் கதையை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? அரசன் முதலில் தானே தேரை ஓட்டவில்லை. மந்திரியிடம் உத்தரவிடுகிறான். அந்த மந்திரிக்கு இளவரசனைக் கொல்ல மனம் வரவில்லை, உத்தரவை மீறவும் வழியில்லை, தன் உயிரை விட்டுவிடுகிறான். ஆக, அந்த மரண தண்டனையில் முதலில் செத்தது அதை நிறைவேற்றச் சொல்லப்பட்டவன். பிறகு அரசன் தானே ஓட்டுகிறான். அதோடு கதை முடிகிறதா? இல்லை. ஈசன் தோன்றி, கன்றையும் மந்திரியையும் மகனையும் எழுப்பித் தருகிறார். இறைவனே வந்து உயிரைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தக் கதையை நம்மால் தாங்க முடிகிறது. சாங்கியில் அப்படி யாரும் எழுந்து வருவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோழன் பலி கொடுத்தது தன் சொந்தப் பிள்ளையை. பசுவின் சொந்தக்காரன் பிள்ளையை அல்ல. இன்றைய சட்டத்தில் தேர்க்காலில் விழுவது யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்த கதை இது இரண்டும் அல்ல. மெய்ப்பொருள் நாயனார். திருக்கோவலூர் அரசர். போரில் ஜெயிக்க முடியாத பகைவன் முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியார் வேஷத்தில் வந்து, ஏட்டுச்சுவடிக்குள் மறைத்திருந்த கத்தியால் அவரைக் குத்திவிடுகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான். குத்துப்பட்டு விழுகிற அரசர் அவனைத் தடுக்கிறார். இவருக்கு ஒரு தீங்கும் வராமல் ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டு வா என்கிறார். விஷயம் தெரிந்து ஊர்மக்கள் கொதித்து வழிமறிக்கிறார்கள். தத்தன் அரசர் ஆணை என்று சொல்லி அவர்களை விலக்கிக் கூட்டிப்போகிறான். அவன் திரும்பிவந்து "பத்திரமாக விட்டுவிட்டேன்" என்று சொல்லும்வரை அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கேட்ட பிறகுதான் விடுகிறார்.

யோசித்துப் பாருங்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவன். கொலை. அதுவும் அரசனையே கொலை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவனைக் கொல்லாமல் விட்டவரை நாம் நாயனார் என்று அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். அவன் பூசியிருந்த திருநீற்றுக்காக விட்டார், அவனுக்காக அல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரி. முத்தநாதன் பூசியது வேஷம். தூக்குக்குப் போகிற அன்று நம் பிள்ளை ஒருவன் நெற்றியில் பூசிக்கொண்டால் அது வேஷம்கூட அல்ல.

இங்கே கிறிஸ்தவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கிறீர்கள். கிறிஸ்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லெறிந்து கொல்லப்பட இருந்த பெண்ணை இயேசு எப்படி மீட்டார் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். 2018இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வியையே திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதவைத்தார். இஸ்லாத்தில் உயிருக்கு உயிர் என்ற விதி உண்டு, அதை மறைக்க முடியாது. ஆனால் கொல்லப்பட்டவரின் வாரிசு மன்னித்தால் தண்டனை நின்றுவிடும், மன்னிப்பதே மேல் என்றும் அதே மார்க்கம் சொல்கிறது. மன்னிக்கும் உரிமையை ஒரு மனிதனின் கையில் கொடுத்திருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியின் தூக்கு 2000ஆம் ஆண்டில் ஆயுள் தண்டனையாகக் குறைந்ததற்கு, கணவனைப் பறிகொடுத்த சோனியா காந்தியே இரங்கிக் கேட்டுக்கொண்டதும் ஒரு காரணம். போதைப்பொருள் வழக்கில் மன்னிக்கும் உரிமை யார் கையில்? வாரிசு என்று யாரும் கிடையாது. அதிபருக்குக் கருணை மனு போடலாம். அதிபர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் முடிவெடுக்க முடியும். 1998இல் ஒரு தமிழ் இளைஞருக்குக் கருணை கிடைத்தது. அதற்கு அடுத்த கருணை 2025இல். நடுவில் 27 ஆண்டுகள்.

கோவலன் கதையையும் விட்டுவிட முடியாது. பாண்டியன் விசாரிக்காமல் கொன்றான், உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான். அரசன் உயிரைக் கொடுத்தும் கோவலன் திரும்பவில்லை. இங்கே விசாரணை இல்லாமல் தூக்கிலிடுவதில்லை, வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தங்கராஜு சுப்பையா வழக்கைப் பாருங்கள். 1,017.9 கிராம் கஞ்சா. அந்தக் கஞ்சாவை அவர் கையால் தொட்டதில்லை. அதைக் கடத்த உடந்தை என்பதுதான் குற்றச்சாட்டு. அவரை வழக்கோடு கட்டியது இரண்டு கைத்தொலைபேசி எண்களும் மற்றவர்களின் சாட்சியமும். வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், கிடைக்கவில்லை என்றார் அவர். நீதிமன்றம் அதை நம்பவில்லை. 2023 ஏப்ரல் 26ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

வாக்குமூலத்தில் ஒரு வரி என்ன செய்யும் என்பதற்குப் பேரறிவாளன் சாட்சி. 19 வயதில் பிடித்தார்கள். வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வுபெற்ற பிறகு 2013இல் வெளியே வந்து சொன்னார், பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அந்தப் பையன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று. கைதாகி 22 ஆண்டுகள் கழித்து. அதற்குள் தூக்கிலிட்டிருந்தால் அந்த அதிகாரியின் மனச்சாட்சி பேசி யாருக்கு என்ன பயன்? உயிரோடு இருந்ததால்தான் 2022 மே 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது அற்புதம்மாளுக்கு மகன் திரும்பக் கிடைத்தார்.

இப்போது நீங்கள் கேட்க நினைப்பதை நானே கேட்கிறேன். போதையால் நாசமான குடும்பங்களுக்கு என்ன பதில்? இந்த அறையிலேயே அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. நகையைத் திருடிய மகன், மறுவாழ்வு நிலையத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிற அண்ணன். அந்த வலி சின்னதல்ல. கடத்துகிறவனுக்குத் தண்டனையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நீண்ட சிறை இருக்கிறது. ஆனால் தொடையில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டுகிறவன்தான் பிடிபடுகிறான். கட்டிவிட்டவன் எங்கோ உட்கார்ந்து அடுத்த ஏழையைத் தேடுகிறான். தூக்கு இருப்பதால்தான் கடத்தல் அடங்கியிருக்கிறது என்பது அரசாங்கத்தின் வாதம். அதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், இன்னொருவன் பயப்படுவதற்காக இவனைக் கொல்லலாம் என்று எந்தச் சாமி சொல்லிக்கொடுத்தது? ஆட்டைப் பலி கொடுப்பதையே வேண்டாம் என்று நிறுத்திய ஊர்க்கோயில்கள் எத்தனை!

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். இந்தியாவில் 1983இலேயே கட்டாய மரண தண்டனைச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இலங்கையில் எத்தனையோ ரத்தம் சிந்தியும், நீதிமன்றத் தீர்ப்பின்படி 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் 2023 ஜூலையில் கட்டாயத் தூக்கை நீக்கிவிட்டார்கள். அங்கே இப்போது நீதிபதி முகத்தைப் பார்க்கலாம்.

கடைசியாக நம்மைப் பற்றி. சண்முகம் முருகேசுவை 2005 மே 13ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். ராணுவத்தில் இருந்தவர், இந்த நாட்டுக்காக விளையாடியவர். ஒரு கிலோ சொச்சம் கஞ்சாவுக்காகப் போனார். 14 வயதில் இரட்டைப் பையன்கள். வழக்கறிஞர் எம். ரவியும் சிலரும் அன்று அவருக்காக ஓடியலைந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ குடும்பங்களில், தேதி வந்த பிறகு உறவுக்காரர்கள்கூட வாசல் மிதிப்பதில்லை. வெட்கம், பயம், வேலை போய்விடுமோ என்ற எண்ணம். குடும்பத்துக்குக் கிடைப்பது சில நாள் அவகாசம்தான். அந்தச் சில நாளில் சிறையில் புகைப்படம் எடுப்பார்கள், அதற்காகக் குடும்பம் நல்ல உடுப்பு வாங்கிக் கொடுக்கலாம். பிள்ளையின் கடைசிப் படத்துக்குச் சட்டை வாங்கத் தேக்காவுக்குத் தனியாகப் போகிற தாயை நினைத்துப் பாருங்கள். அளவு சரியாக இருக்குமா என்று தெரியாது, பத்து வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த உடம்பு.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. அப்படி ஒரு செய்தி வந்தால் அந்த வீட்டுக்குப் போங்கள். சட்டை வாங்கக் கூடப் போங்கள். தூக்கு நடக்கிற விடியலில் அவர் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்யுங்கள், பள்ளிவாசலில் துஆ கேளுங்கள், தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். குருக்களிடமும் பாதிரியாரிடமும் இமாமிடமும் போய், இதைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேளுங்கள். கேட்டு அவர்கள் மறுத்தால் அடுத்த வாரமும் கேளுங்கள்.

கருணை மனு எழுத வேண்டிய நிலையில் இங்கே யாராவது இருந்தால், கூட்டம் கலைந்த பிறகு கொஞ்சம் இருங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை எப்படிப்பட்டவன், சின்ன வயதில் என்ன செய்தான், வீட்டில் யாருக்குச் சோறு போட்டான் என்று தமிழிலேயே சொல்லுங்கள். நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.